நாலு மணி வெயிலும் தலகாணி புக்கும்

இந்த வாரம் கொஞ்சம் ‘படிப்ஸ்’ மேட்டர். உடனே பக்கத்தைத் திருப்பிடாதீங்க. இது உங்க பர்ஸ் சம்பந்தப்பட்ட விஷயம்.

நீங்க ஈ.சி.ஈ., ஈ.ஐ.ஈ., மெக்கட்ரானிக்ஸ்னு ஏதோ ஒண்ணுல மூணாவது வருஷம் படிக்கிறீங்கன்னு வெச்சுக்குவோம். புராஜெக்ட்டுக்கு டைட்டில் கொடுக்கணும். டைட்டில்ல ‘ஆப்டிகல்’, ‘சென்சார்’, ‘விஷன்’ இப்படி ஒரு வார்த்தை கண்டிப்பா இருக்கும். ஏன்னா நம்ம ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஏரியாவுல எந்தக் கம்பெனிக்குள்ள போனாலும் அதுதான் ஓடுது. சரி, நல்லதா ஒரே ஒரு ரெஃபரன்ஸ் புக் சொந்தமா வாங்கிடலாம்னு முடிவு பண்றீங்க. வீட்ல ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ கேட்கணும். கான்ட்ராக்ட் ஷிஃப்ட்டுக்குப் போற அப்பாவோ அக்காவோ இருக்கிற வீட்ல, அது ரெண்டு மூணு நாள் சம்பளம். அந்தக் காசுல வாங்குற புக் செமஸ்டர் முடியுற வரைக்கும் புதுவாசனை போகாமல் அலமாரியில் தூங்கினால் எப்படி இருக்கும்?

அதனாலதான் இந்த வாரம் ‘எலெக்ட்ரானிக்ஸ் புக்கா, ஆப்டிக்ஸ் புக்கா, ரெண்டுல எதை வாங்கறது?’ங்கிற கேள்வியைக் கையில எடுத்திருக்கேன். லெக்சரர்கிட்ட கேட்டா சிலபஸ்ல இருக்கிற பெயரைச் சொல்வார். சீனியர்கிட்ட கேட்டா, “டேய், லோக்கல் ஆத்தர் போதும்டா” என்பார். ரெண்டு பேர் சொல்றதும் அவங்கவங்க அளவுல சரிதான். ஆனா ரெண்டு பேருமே உங்ககிட்ட ஒரு விஷயத்தைக் கேட்க மறந்துட்டாங்க. ‘தம்பி, உன்னோட கேள்வி என்ன?’

என்கிட்ட ஒரு கேள்வி இருந்துச்சு. சொல்றேன், கேளுங்க.

இன்பிளான்ட் டிரெய்னிங் போன ஒரு ஃபேக்டரி. பெயர் வேண்டாம். ஒரகடம் ஜங்ஷன் தெரியுமில்லையா? வண்டலூர்-வாலாஜாபாத் ரோடும் சிங்கப்பெருமாள்கோவில்-ஸ்ரீபெரும்புதூர் ரோடும் வெட்டிக்கிற இடம். அங்கிருந்து கொஞ்ச தூரத்துல இருந்த அந்த ஃபேக்டரியில கன்வேயர் ஓரமா ஒரு போட்டோ எலெக்ட்ரிக் சென்சார். பெட்டி வந்தா எண்ணணும், அவ்வளவுதான் வேலை. காலையில இருந்து மதியம் வரைக்கும் சமர்த்தா எண்ணும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல மேற்குப் பக்க ஷட்டரைத் தூக்கினாங்கன்னா போச்சு! வராத பெட்டியை எண்ணும், வந்த பெட்டியை விட்டுடும். மெயின்டெனன்ஸ் அண்ணன் ஒருத்தர் கூலா ஒரு அட்டைப்பெட்டியைக் கிழிச்சு, சென்சாருக்குத் தொப்பி மாதிரி மாட்டிவிட்டார். பிரச்னை தீர்ந்துச்சு. “ஏன்ணே?”ன்னு கேட்டதுக்கு, “வெயில்டா தம்பி”ன்னார்.

வெயில்னா என்ன பண்ணும்? சென்சாருக்குச் சூடாகுமா? கண்ணு கூசுமா? இதே கேள்வியைத் தூக்கிக்கிட்டுத்தான் லைப்ரரியில ஒவ்வொரு புக்கா திறந்து பார்த்தேன். ஒரு புக்கை எடை போட இதைவிட நல்ல தராசு எனக்குத் தெரிஞ்சு இல்லை. ‘நல்ல புக்கா?’ன்னு கேட்டா எல்லாமே நல்ல புக்தான். ‘என் நாலு மணி வெயிலுக்கு நீ என்ன சொல்றே?’ன்னு கேட்டாதான் வித்தியாசம் தெரியும்.

முதல்ல ஆப்டிக்ஸ் பக்கம். அஜய் கட்டக் எழுதின ‘ஆப்டிக்ஸ்’. டெல்லி ஐ.ஐ.டி.யில் பேராசிரியரா இருந்தவர். 1977-ல் வந்த புக், பதிப்பு மேல பதிப்பா இன்னிக்கும் விற்குது. ஒளி எப்படி வளையும், எப்படிக் குறுக்கிட்டுக்கும், லென்ஸ் எப்படிக் குவிக்கும், ஃபைபருக்குள்ள எப்படி ஓடும்னு அழகா, பொறுமையா கணக்கு போட்டுக் காட்டும். முதல் வருஷ பிசிக்ஸை பயந்துக்கிட்டே பாஸ் பண்ணினவங்ககூட உட்கார்ந்து படிக்கலாம். ஆனா நம்ம சென்சார் விஷயத்துல அது ஒரு இடத்தோட நின்னுடும். வெளிச்சத்தைக் கொண்டுவந்து டிடெக்டர் மேல போட்டுட்டு, ‘என் வேலை முடிஞ்சுது, வரட்டுமா?’ங்கும். அதுக்கப்புறம் ரெண்டு ஒயர்ல என்ன வருது, அதை என்ன பண்ணணும்? அது அதோட பாடம் இல்லை.

இந்தப் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ். செட்ரா-ஸ்மித் ‘மைக்ரோ எலெக்ட்ரானிக் சர்க்யூட்ஸ்’. 1982-ல் முதல் பதிப்பு. சரியான தலகாணி, தூக்கிட்டுப் போனா தோள் வலிக்கும். டிரான்சிஸ்டர், ஆம்ப்ளிஃபயர், ஃபீட்பேக்னு அடிச்சு ஆடியிருப்பாங்க. ஆனா போட்டோ டயோடுன்னு தேடினா, டயோடு பாடத்தின் கடைசியில ‘இப்படியும் ஒரு வகை உண்டு’ங்கிற ரேஞ்சுல சின்னதா ஒரு பகுதி. பாய்ல்ஸ்டாட்-நஷெல்ஸ்கியில கொஞ்சம் கூடுதலா இருக்கும்; சோலார் செல், ஐ.ஆர். எமிட்டர் எல்லாம் சேர்த்து ஒரு அத்தியாயத்துக்குள்ள வரும். இவங்க எல்லாருக்கும் வெளிச்சம்ங்கிறது ஒரு அம்புக்குறி. டயோடு படத்துக்குப் பக்கத்துல ரெண்டு அம்பு போட்டாச்சுன்னா ஒளி வந்தாச்சு! அது எங்கிருந்து வந்துச்சு, எவ்வளவு வந்துச்சு, கூடவே வேண்டாத வெளிச்சம் எவ்வளவு வந்துச்சுங்கிறது அவங்க கவலை இல்லை.

புரியுதா ஃப்ரெண்ட்ஸ்? ஒரு புக் கண்ணாடியோட நிக்குது. இன்னொரு புக் ஒயர்ல இருந்து தொடங்குது. நம்ம பெட்டி எண்ணுற சென்சார் சரியா அந்த ரெண்டுக்கும் நடுவுல உட்கார்ந்திருக்கு. ஒரகடத்துல நீங்க பார்க்கப்போற பாதிப் பிரச்னை அந்த நடுவுலதான் இருக்கும். அதனால, ‘நடுவுல இருக்கிற அந்த கேப்பைத் தாண்ட எந்த புக் கைகொடுக்கும்?’னு பார்க்கிறதுதான் என் கணக்குல முக்கியம்.

கொஞ்சம் கணக்கு போடலாமா? ஜாலியாத்தான் இருக்கும். 850 நானோமீட்டர் ஒளி, டயோடோட குவான்டம் எஃபிஷியன்ஸி 80 சதவீதம்னு வெச்சா, ஒரு வாட் ஒளிக்கு சுமார் 0.55 ஆம்பியர் வரும். அப்ப ஒரு மைக்ரோவாட்டுக்கு 0.55 மைக்ரோ ஆம்பியர். அதை ஒரு ஆப்-ஆம்ப்புக்குக் கொடுத்து ஃபீட்பேக்ல ஒரு மெகா ஓம் போட்டா 0.55 வோல்ட். சூப்பர், அழகா அளக்கலாம். இதுல முதல் பாதி ஆப்டிக்ஸ் புக்ல இருக்கும், ரெண்டாவது பாதி எலெக்ட்ரானிக்ஸ் புக்ல இருக்கும்.

இப்ப வெயிலைக் கொண்டு வாங்க. ரிச்சி ஸ்ட்ரீட்ல கேட்டா கிடைக்கிற பி.பி.டபிள்யூ.34 டயோடையே எடுத்துக்குவோம். அதோட ஒளி படுற பரப்பு 7.5 சதுர மில்லிமீட்டர். உச்சி வெயில் சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட். அப்ப டயோடு மேல நேரா விழறது 7.5 மில்லிவாட். கரன்ட் மில்லி ஆம்பியர் கணக்குல ஓடும். நம்ம சர்க்யூட்டுக்கு சப்ளை 5 வோல்ட். மெகா ஓம் இருக்கிறதால 5 மைக்ரோ ஆம்பியர் வந்தாலே அவுட்புட் மேல போய் முட்டி நின்னுடும். சாயங்கால வெயில் உச்சி வெயிலைவிட மட்டுதான். ஆனா வெயில்ல நூத்துல ஒரு பங்கு உள்ளே நுழைஞ்சாலே போதும், ஆம்ப்ளிஃபயர் கூரையில தலை இடிச்சுக்கிட்டு நிக்கும். அந்த நேரத்துல பெட்டி வந்தா என்ன, யானை வந்தா என்ன? அதுக்குத் தெரியாது. சூடும் இல்லை, கூச்சமும் இல்லை. இதுக்குப் பெயர் சாச்சுரேஷன்.

சென்சார் கம்பெனிக்காரங்களுக்கு இது தெரியாதான்னு கேட்பீங்க. நல்லாவே தெரியும். அதனாலதான் இந்த வகை சென்சார் மேனுவல்கள் பலவற்றில் ‘சூரிய ஒளி 10,000 லக்ஸ் வரைக்கும்’னு ஒரு வரி இருக்கும். நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். அந்த ஒரு வரியை யாரும் படிக்கிறதில்லை. அண்ணனோட அட்டைத் தொப்பி செய்த வேலை, அந்த லட்சத்தைப் பத்தாயிரத்துக்குக் கீழே இறக்கினதுதான். அட்டைக்கு ஒரு சல்யூட்!

இந்த மொத்தக் கதையும் ஒரே புக்ல எங்கே இருக்கு? சிலபஸ்ல அடிக்கடி கண்ணுல படுற கெய்ஸரோட ‘ஆப்டிகல் ஃபைபர் கம்யூனிகேஷன்ஸ்’ பாதி தூரம் வரும். 1983-ல் முதல் பதிப்பு. டிடெக்டருக்குத் தனிப்பாடம், ரிசீவருக்குத் தனிப்பாடம். ஜான் சீனியர் எழுதினது இன்னும் விரிவு. மூணாவது பதிப்பு ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். ரெண்டுமே ஒளியில இருந்து ஒயருக்கு இறங்கி வர்ற புக்ஸ்தான், அதுல சந்தேகமே வேண்டாம். எக்ஸாமுக்கும் ஆகும். ஆனா ஒரு விஷயத்தைக் கவனிங்க. ஃபைபர்ங்கிறது மூடின குழாய். அதுக்குள்ள நாலு மணி வெயில் வர வழியே இல்லை. அதனால அந்த புக்ஸுக்கு வெயில் ஒரு எதிரியே இல்லை. டெலிகாம் வேலைக்குப் போறவங்க கண்ணை மூடிக்கிட்டு இதுல ஒண்ணை வாங்கலாம். கன்வேயர் ஓரமா நிக்கப்போறவங்க யோசிக்கணும்.

அப்புறம் ஹோரோவிட்ஸ்-ஹில், ‘தி ஆர்ட் ஆஃப் எலெக்ட்ரானிக்ஸ்’. ஹார்வர்டு லேப் கோர்ஸுக்காகத் தயாரிச்ச நோட்ஸ்ல இருந்து வளர்ந்த புக். 1980, 1989, 2015-னு மூணே பதிப்பு. 35 வருஷத்துல மூணு! இந்த புக்குக்கு ஒரு குணம். டெரிவேஷன் பெருசா இருக்காது. அதுக்குப் பதிலா, ‘இந்த ஐ.சி.யைப் போட்டா இது நடக்கும், அதைப் போட்டா அது நடக்கும்’னு நிஜ பார்ட் நம்பரோட அட்டவணை அட்டவணையா போட்டிருப்பாங்க. பக்கத்துல ஒரு அனுபவஸ்தர் உட்கார்ந்து பேசுற மாதிரி இருக்கும். மூணாவது பதிப்புல நாய்ஸ் பத்தின எட்டாவது அத்தியாயத்துல போட்டோ டயோடு ஆம்ப்ளிஃபயர் எப்படிக் கெட்டுப்போகும், ஏன் ஊசலாடும்னு பிரிச்சு மேஞ்சிருக்காங்க. மைனஸ்? 13 மார்க் கேள்விக்கு இதைப் படிச்சுட்டுப் போனா உங்களைக் காப்பாத்தாது. இதை எக்ஸாம் புக்கா வாங்கினவங்கதான் பின்னாடி திட்டுறாங்க. புக் மேல தப்பு இல்லை.

சரி, அந்த ‘நடு இடத்துக்காகவே’ எழுதின புக் கிடையாதா? இருக்கு. பிலிப் ஹாப்ஸ் எழுதின ‘பில்டிங் எலெக்ட்ரோ-ஆப்டிகல் சிஸ்டம்ஸ்’. 2000-ல் முதல் பதிப்பு. எழுதினவர் ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்துல இருந்து கருவிகள் கட்டினவர். ஒளி, லென்ஸ், டிடெக்டர், ஆம்ப்ளிஃபயர், கிரவுண்டிங், ஸ்க்ரூ போட்டு லென்ஸை நிறுத்துறது வரைக்கும் ஒரே ஆள், ஒரே புக். விலையைப் பார்த்தா மட்டும் தலை சுத்தும், பல ஆயிரம். இதை நீங்க வாங்க வேண்டாம், லைப்ரரியை வாங்க வைங்க. ஹெச்.ஓ.டி.கிட்ட நாலு பேர் கையெழுத்துப் போட்டு ஒரு லெட்டர் கொடுங்க. கேன்டீனுக்கு சாம்பார் சரியில்லைன்னு கையெழுத்து வேட்டை நடத்துறோமே, அதே டெக்னிக்தான். பல காலேஜ்ல வருஷா வருஷம் புக் வாங்க ஒரு தொகை ஒதுக்கி இருப்பாங்க. மாணவர்கள் கேட்காததால பழைய லிஸ்ட்டே திரும்பப் போகும்.

இந்த இடத்துல ஒரு சின்ன ரகசியம். போட்டோ டயோடுக்குப் பின்னாடி போடுற அந்த ஆம்ப்ளிஃபயரை எந்த புக்ல தேடினாலும் முதல்ல கிடைக்காது. ஏன் தெரியுமா? ஒரே ஆளுக்கு மூணு பெயர்! ஆப்டிகல் ஆளுங்க ‘டிரான்ஸ்இம்பீடன்ஸ் ஆம்ப்ளிஃபயர்’ம்பாங்க. செட்ரா-ஸ்மித்ல ‘டிரான்ஸ்ரெசிஸ்டன்ஸ்’னு ஃபீட்பேக் பாடத்துல இருக்கும். நம்ம எல்.ஐ.சி. பேப்பருக்குப் படிக்கிற ராய் சவுத்ரி, கெயக்வாட் புக்ஸ்ல ‘கரன்ட் டு வோல்டேஜ் கன்வர்ட்டர்’. நாம ஏற்கனவே படிச்சு, எக்ஸாம் எழுதி, மறந்த சர்க்யூட்தான் அது! இன்டெக்ஸ்ல மூணு பெயரையும் தேடுங்க. புதுசா புக் வாங்கணும்னு நினைச்ச விஷயம் உங்க ரூம்லயே பழைய புக்ல இருக்கலாம்.

ஆனா எல்.ஐ.சி. புக்ல படிச்ச சர்க்யூட்டை அப்படியே கட்டினா ஒரு சோதனை வரும். டி.வி. ரிமோட் எப்படி டியூப்லைட் வெளிச்சத்துலயும் வேலை செய்யுதுன்னு யோசிச்சிருக்கீங்களா? நம்ம ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப்லைட் ஒரு சுற்றுக்கு ரெண்டு தடவை பிரகாசிக்கிறதால 100 ஹெர்ட்ஸ்ல மினுங்கும். ரிமோட் அதை விட்டு ரொம்பத் தள்ளி, பெரும்பாலும் 38 கிலோஹெர்ட்ஸ்ல கண் சிமிட்டும். ரிசீவர் அந்தச் சிமிட்டலை மட்டும் கேட்கும். நம்ம சென்சாரும் அதே டிரிக்தான் பண்ணுது. இப்ப பி.பி.டபிள்யூ.34-க்கு 70 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ். வெறும் மெகா ஓம் ரெசிஸ்டர் மட்டும் போட்டா 2.3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல சிக்னல் படுத்துடும். 38 எங்கே, 2.3 எங்கே! ஆப்-ஆம்ப் போட்டா வேகம் கூடும். டி.எல்.072 மாதிரி 3 மெகாஹெர்ட்ஸ் ஐ.சி. போட்டா காகிதத்துல சுமார் 80 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் போகலாம். ஆனா ஃபீட்பேக் ரெசிஸ்டருக்கு இணையா ஒரு குட்டிக் கெப்பாசிட்டர் போடலைன்னா அது ஊசலாட ஆரம்பிச்சுடும். எவ்வளவு? சுமார் 2 பிக்கோஃபாரட். பிரெட்போர்டுல பக்கத்து பக்கத்து வரிசைக்கு நடுவுலயே அவ்வளவு இருக்கும்! அதனாலதான் பிரெட்போர்டுல வேலை செஞ்ச சர்க்யூட் பி.சி.பி.யில போட்டதும் பைத்தியம் பிடிச்சு ஆடும். இந்த 2 பிக்கோஃபாரட் பத்தி எந்த புக் பேசுதோ, அந்த புக் நிஜமா கட்டினவங்க எழுதினது. கடையில நின்னுக்கிட்டே ரெண்டு நிமிஷத்துல பண்ணக்கூடிய டெஸ்ட் இது.

கேமரா பக்கம் போறவங்களுக்குக் கணக்கு வேற. நம்ம காரிடர்ல எலெக்ட்ரானிக்ஸ் அசெம்பிளி லைன்ல ‘ஏ.ஓ.ஐ.’ன்னு ஒரு மெஷின் நிக்கும். போர்டுல சால்டரிங் சரியா இருக்கான்னு படம் எடுத்துப் பார்க்கிறது. அதுல சில வகையில சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு வளைய விளக்கு மூணு கோணத்துல இருந்து அடிக்கும். சால்டர் மேட்டோட சரிவு எப்படியோ, அந்தக் கோணத்து நிறம் கேமராவுல தெரியும். ஆக, நிறத்தைப் பார்த்தே சரிவைச் சொல்லிடலாம். என்ன ஒரு ஐடியா பாருங்க! இதைப் புரிஞ்சுக்க ஆப்-ஆம்ப் புக் உதவாது. இங்கே வாரன் ஸ்மித் எழுதின ‘மாடர்ன் ஆப்டிகல் இன்ஜினீயரிங்’ மாதிரி லென்ஸ் புக்தான் வேணும். ஹெக்ட் எழுதின ‘ஆப்டிக்ஸ்’ கொஞ்சம் பிசிக்ஸ் பக்கம் சாயும், ஆனா படிக்க சுகம். உங்க கேள்வி ‘படம் ஏன் மங்கலா இருக்கு’ன்னா ஆப்டிக்ஸ் புக், ‘சிக்னல் ஏன் நடுங்குது’ன்னா எலெக்ட்ரானிக்ஸ் புக். தெரியலைன்னா கேள்வியை இன்னும் ஒரு வாரம் துரத்துங்க, அப்புறம் கடைக்குப் போங்க.

பழைய புக் வாங்கலாமா? தாராளமா. தாம்பரத்துல எலெக்ட்ரிக் டிரெயின் ஏறி பார்க் ஸ்டேஷன்ல இறங்கினா சென்ட்ரல் பக்கத்துல மூர் மார்க்கெட் கடைகள். ஒரிஜினல் மூர் மார்க்கெட் 1985 தீயில போனாலும் அந்தப் பெயர்லயே பழைய புத்தகக் கடைகள் பக்கத்து வளாகத்துல தொடர்ந்துச்சு. திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் ரோடு இன்னொரு இடம். ஆனா பழசுல எது பழசாகும், எது பழசாகாதுன்னு தெரிஞ்சு வாங்கணும். லென்ஸ் பாடம் பழசாகாது. வாரன் ஸ்மித்தோட முதல் பதிப்பு 1966, அதுல இருக்கிற லென்ஸ் ஃபார்முலா இன்னிக்கும் அதேதான். ஃபைபர் பாடம் பழசாகும். நம்மூர் நரிந்தர் சிங் கபானி, ‘ஃபைபர் ஆப்டிக்ஸ்’ங்கிற பெயரையே பரப்பினவர், 1967-ல் ஒரு புக் எழுதினார். சார்லஸ் காவோ, ‘ஃபைபர்ல இழப்பைக் கிலோமீட்டருக்கு 20 டெசிபலுக்குக் கீழே கொண்டு வந்தா போன் பேசலாம்’னு சொன்னது 1966-ல். கார்னிங் கம்பெனி அதைச் செஞ்சு காட்டினது 1970-ல். அப்ப கபானி புக் எழுதினப்போ டெலிகாம் ஃபைபரே பிறக்கலை! அது வரலாற்றுக்குப் படிக்க அருமை, எக்ஸாமுக்கு வேண்டாம். எலெக்ட்ரானிக்ஸ்ல பார்ட் நம்பர் பழசாகும், அடிப்படை பழசாகாது. மில்மன்-ஹால்கியாஸ் 1972 புக்கை இன்னும் வாத்தியார்கள் தூக்கிக்கிட்டு வர்றது அதனாலதான்.

புதுசு வாங்குறவங்க ஒண்ணு கவனிங்க. வெளிநாட்டு புக்ஸுக்கு இந்தியப் பதிப்புன்னு விலை குறைவா ஒண்ணு வரும், ‘இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் விற்பனைக்கு’ன்னு அட்டையில போட்டிருக்கும். காசு மிச்சம்தான். ஆனா சிலது நம்ம சிலபஸுக்காக மாத்தி அமைச்சது. அத்தியாய வரிசை, கணக்கு நம்பர் எல்லாம் மாறியிருக்கும். நெட்ல கிடைக்கிற சொல்யூஷன் வேற பதிப்புக்கானதா இருந்தா, அஞ்சாவது கணக்குக்கு ஏழாவது கணக்கோட விடையை எழுதிக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்க.

ஜெராக்ஸ் பத்திப் பேசாம விட்டா என்னை நம்ப மாட்டீங்க. 2012-ல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உட்பட மூணு பெரிய பதிப்பகங்கள் டெல்லி யுனிவர்சிட்டி வளாகத்துல இருந்த ராமேஸ்வரி ஃபோட்டோகாப்பிங்கிற கடை மேல கேஸ் போட்டாங்க. 2016-ல் டெல்லி ஹைகோர்ட், பாடம் நடத்துறதுக்காகத் தேர்ந்தெடுத்த பகுதிகளைத் தொகுத்து நகல் எடுத்துக் கொடுக்கிறது சட்டத்துல இருக்கிற கல்வி விதிவிலக்குக்குள்ள வரும்ங்கிற மாதிரி சொல்லிச்சு. 2017-ல் பதிப்பகங்கள் கேஸையே வாபஸ் வாங்கிட்டாங்க. அதுக்காக 1,200 பக்க புக்கை முழுசா ஜெராக்ஸ் போட்டு ஸ்பைரல் பண்ணிக்கலாம்னு அர்த்தம் இல்லை. சட்டத்தை விடுங்க, கிராஃப் எல்லாம் கறுப்பா அப்பிக்கிட்டு எந்தக் கோடு எதுன்னே தெரியாது. ரெஃபரன்ஸ் புக்ல கிராஃப்தானே உயிர்!

காசே இல்லைங்கிறவங்களுக்கும் கதவு மூடலை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-ல் திறந்தது. உள்ளே உட்கார்ந்து படிக்கக் காசு கிடையாது. வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு புக்கைப் பக்கத்துல பக்கத்துல விரிச்சு வெச்சு ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல இடம் வேண்டாம். ஐ.ஐ.டி.க்களும் ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து நடத்துற என்.பி.டி.இ.எல். வீடியோ பாடங்கள் பார்க்க இலவசம், சர்டிஃபிகேட் எக்ஸாமுக்குத்தான் கட்டணம். கம்பெனிக்காரங்க தர்ற டேட்டா ஷீட்டும் அப்ளிகேஷன் நோட்டும் சுத்தமா ஃப்ரீ. போட்டோ டயோடு ஆம்ப்ளிஃபயர் பத்தி டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், அனலாக் டிவைசஸ் ரெண்டும் அருமையா எழுதி வெச்சிருக்காங்க. நான் மேலே போட்ட கணக்குக்கான 70 பிக்கோஃபாரட், 7.5 சதுர மில்லிமீட்டர் எல்லாம் டேட்டா ஷீட்ல வர்ற நம்பர்தான். எந்தப் பாட புத்தகமும் அதைச் சொல்லாது.

‘எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும், கம்பெனியிலயே டிரெய்னிங் கொடுப்பாங்களே’ன்னு ஒரு ஃப்ரெண்ட் கேட்டான். கொடுப்பாங்க. அந்த மெஷினுக்குக் கொடுப்பாங்க. ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா ஃபேக்டரி 2006-ல் உற்பத்தி ஆரம்பிச்சு, 2014 நவம்பர்ல மூடிச்சு. எத்தனையோ ஆயிரம் பேர் அந்த லைனுக்கான பட்டனை அத்துப்படியா தெரிஞ்சு வெச்சிருந்தாங்க. அந்தக் கட்டடத்துல இப்ப வேற கம்பெனி, வேற லைன், வேற பட்டன். போட்டோ டயோடு மட்டும் அப்பவும் அதேதான், இப்பவும் அதேதான். எனக்கு இந்த புக் விஷயத்துல இவ்வளவு அக்கறை வந்ததுக்கு அது ஒரு காரணம்.

லோக்கல் ஆத்தர் புக்கைக் கிண்டல் பண்ற கூட்டத்துல நான் இல்லை. டூ மார்க் கேள்வி-பதில் புக் இல்லாம அரியர் கிளியர் பண்ணினவங்க கையைத் தூக்குங்க, பார்க்கலாம்! அது எக்ஸாமுக்கு. அதையும் இதையும் போட்டியில விட வேண்டாம்.

‘சரி, கடைசியா நீ எதை வாங்குவே?’ன்னு கேட்டா, சென்சார், ரோபாட், எம்பெடட் பக்கம் போறவனா இருந்தா ஹோரோவிட்ஸ்-ஹில். கூடவே லைப்ரரியில இருந்து கட்டக். கேமரா, விஷன் பக்கம்னா பழைய கடையில வாரன் ஸ்மித் தேடுவேன். டெலிகாம்னா கெய்ஸர், சீனியர் ரெண்டுல எது மலிவா கிடைக்குதோ அது. செட்ரா-ஸ்மித் வேணும்ங்கிறவங்க ஐ.சி. டிசைன் பக்கம் கனவு காண்றவங்க; அவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரு டிப்ஸ், ஏப்ரல், மே மாசத்துக்கு மட்டும். ஃபைனல் இயர் அண்ணன், அக்கா எல்லாம் ஹாஸ்டல் ரூமைக் காலி பண்ற நேரம் அது. பெட்டியில இடம் இல்லாம நல்ல நல்ல புக்கை எல்லாம் கிலோ கணக்குல பேப்பர் கடைக்குப் போடுறாங்க. வைவா முடிஞ்ச அன்னிக்கு சாயங்காலம் போய் நில்லுங்க. புக்கை வாங்கும்போது உள்ளே பென்சில்ல கிறுக்கி இருக்கான்னு மட்டும் பாருங்க. கிறுக்கி இருந்தா அதையே எடுங்க, அந்தப் பக்கத்தை ஒருத்தர் உண்மையிலேயே படிச்சிருக்கார்.